திரும்பத் திரும்ப வரும் வாந்தி: பரிசோதனையை எந்த நாளில் செய்வது?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ஒன்றரை ஆண்டாக ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலை நான்கு மணி அளவில் முகம் வெளுத்து எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கத் தொடங்குகிறாள். முதல் இரண்டு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கிறாள். தண்ணீர்கூட நிற்பதில்லை. பேச மாட்டாள், விளக்கைப் போட்டால் அழுவாள். மறுநாள் மாலை வரை இப்படியே கிடந்துவிட்டு, தூங்கி எழுந்ததும் இட்லி கேட்பாள். அதன்பின் அடுத்த முறை வரும் வரை ஓடியாடி விளையாடுகிறாள். ஒவ்வொரு முறையும் பக்கத்து ஊர் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்புகிறார்கள். சாப்பாடு சேரவில்லை என்றார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், அல்சர் என்று பல மாதம் மருந்து கொடுத்தார்கள். வாந்தி நின்ற பிறகு எடுத்த வயிற்று ஸ்கேனும் இரத்தப் பரிசோதனைகளும் சரியாகவே இருக்கின்றன. மாமியார் சொல்லித் தொக்கமும் எடுத்துப் பார்த்தோம். பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் இப்படிச் செய்கிறாள் என்று ஒருவர் சொன்னபோது அழுதுவிட்டேன். இப்போது எண்டோஸ்கோப்பியும் தலைக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டும் தேவையா? இரண்டு முறை கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் வந்தது. கடைசியாக வந்தபோது வாந்தி மஞ்சளாகவும் ஒருமுறை பச்சையாகவும் இருந்தது. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. நானும் என் கணவரும் சொந்தத்தில் மணம் செய்தவர்கள். அதனால் வந்த நோயா இது?
– தென் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் இறுதியில், போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வாந்தி ஒருமுறை பச்சையாக இருந்தது என்கிறீர்கள். வயிறு காலியான பிறகும் ஒக்காளம் தொடர்ந்தால் மஞ்சள் நிறத்தில் கசப்பு நீர் வருவது இயல்புதான். அதே காரணத்தால் சில குழந்தைகளுக்குப் பச்சையாகவும் வரும். ஆனால் இலைப் பச்சை நிறத்தில் வரும் வாந்திக்குக் குடல் வழி அடைபட்டிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் காரணம் இல்லை என்று உறுதிப்படுத்தும் வரை எந்தக் குழந்தையின் பச்சை வாந்தியையும் பித்தம் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. உங்கள் மகளுக்கு இதுவரை செய்தவற்றில் இதற்குரிய பரிசோதனை இல்லை. எண்டோஸ்கோப்பியா, எம்.ஆர்.ஐ.யா என்ற கேள்விக்கு முன்பாக அவளுக்குச் செய்ய வேண்டியது, பேரியம் போன்ற மருந்துத் திரவத்தைக் குடிக்கவைத்து, அது இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குள் இறங்கும் வழியை எக்ஸ்ரேயில் பார்க்கும் பரிசோதனை.

அதில் எதைத் தேடுகிறோம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தவறவிட்டால் இழப்பு பெரிது. கருவில் வளரும் குழந்தையின் குடல் சில வாரங்கள் தொப்புள்கொடியின் அடிப்பகுதிக்குள் இருந்துவிட்டு, ஏறக்குறைய 10ஆவது வாரத்தில் வயிற்றுக்குள் திரும்புகிறது. அவ்வாறு திரும்பி முடிப்பதற்குள் அது மொத்தம் 270 பாகை சுழன்று, தனக்குரிய இடத்தில் அமர்ந்து, வயிற்றின் பின்சுவரோடு அகலமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சுழற்சி பாதியில் நின்றுபோன குழந்தைகளுக்குக் குடலைத் தாங்கும் அடிப்பகுதி குறுகலாக இருப்பதால், மொத்தச் சிறுகுடலும் அந்தக் குறுகிய தண்டின் மீது முறுக்கிக்கொள்ள இடம் ஏற்படுகிறது. பெரும்பாலும் இது பிறந்த முதல் மாதத்திலேயே வெளிப்பட்டுவிடும். சிலருக்கு மட்டும், முறுக்கிக்கொள்வதும் தானாகப் பிரிந்துகொள்வதுமாகப் பல ஆண்டுகள் கழியும். பிரிந்த மறுநாள் குழந்தை நன்றாக விளையாடும், வயிற்று ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஏதோ ஒரு முறை முறுக்கு பிரியாவிட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டுச் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும். பேரியம் பரிசோதனையில், முன்சிறுகுடல் முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் வளைவு முதுகெலும்பின் இடப்பக்கத்தில், உரிய உயரத்தில் இருக்கிறதா என்று கதிரியக்க மருத்துவர் பார்ப்பார். குடல் அமைந்திருக்கும் இடம் நாளுக்கு நாள் மாறுவதில்லை என்பதால், இந்த ஒரு பரிசோதனையை மட்டும் குழந்தை நலமாக இருக்கும் நாளிலேயே செய்துகொள்ளலாம். அடுத்த முறை வருமுன் இதை முடித்துவிடுங்கள். அதற்குள் மீண்டும் பச்சை வாந்தி வந்தால், அதுவும் வயிறு உப்பியோ தொடவிடாத வலியோடோ வந்தால், குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அப்போதே செல்லுங்கள். 108ஐ அழைக்கும்போதும் பச்சை வாந்தி என்ற சொல்லைத் தவறாமல் சொல்லுங்கள்.

இனி நோயின் போக்குக்கு வருகிறேன். குழந்தைகளின் தொடர் வாந்தியை நாங்கள் முதலில் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்போம். ஒன்று, ஏறக்குறைய நாள்தோறும் அல்லது வாரத்தில் பல நாள், ஒரு நேரத்துக்கு ஒன்றிரண்டு முறை என்று மெதுவாக நீடிக்கும் வாந்தி. மற்றொன்று, வந்தால் மணிக்கு நான்கு, ஆறு முறை என்று கடுமையாக வந்து, ஓய்ந்த பிறகு வாரக்கணக்கில் சுவடே இல்லாமல் இருக்கும் வாந்தி. முதல் வகையில் காரணம் பெரும்பாலும் உணவுப்பாதையிலேயே இருக்கும்: எதுக்களிப்பு, இரைப்பைப் புண், பால் ஒவ்வாமை, உணவுக்குழாய் அழற்சி போன்றவை. இரண்டாம் வகையிலோ காரணம் பெரும்பாலும் வயிற்றுக்கு வெளியே, மூளையிலோ சிறுநீரகத்திலோ சுரப்பிகளிலோ உடலின் வேதிமாற்றத்திலோ இருக்கும். உங்கள் மகளுடையது ஐயத்துக்கு இடமின்றி இரண்டாம் வகை. அல்சர் மருந்தைப் பல மாதம் கொடுத்தும் பலன் இல்லாதது எனக்கு வியப்பாக இல்லை. ஐந்து வாரம் நலமாக இருந்துவிட்டு ஒன்றரை நாள் மட்டும் வாந்தியைத் தரும் புண் மிக அரிது. எண்டோஸ்கோப்பி பற்றிய உங்கள் கேள்விக்கும் இதுவே பதில். வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற நிறமோ வந்தாலும், இடைப்பட்ட நாட்களில் விழுங்கச் சிரமமோ நெஞ்செரிச்சலோ எடைக் குறைவோ இருந்தாலும் அது தேவைப்படும். நீங்கள் எழுதியிருக்கும் நிலையில் அதை முதலில் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

இந்த இரண்டாம் வகைக்குள் மிக அதிகமாகக் காணப்படுவதும், நம் ஊரில் மிகத் தாமதமாகவே பெயர் சூட்டப்படுவதும் சுழற்சி வாந்தி நோய், அதாவது இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வரும் வாந்தி; குடலின் சுழற்சியோடு இந்தப் பெயருக்குத் தொடர்பில்லை. லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, 1882ஆம் ஆண்டிலேயே சில குழந்தைகளிடம் இதைக் கண்டு தெளிவாக எழுதிவைத்தார். விட்டு விட்டு வரும் வாந்தி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான போக்கு, இடையில் முழு நலம் என்ற அவருடைய விவரணை இன்றைக்கும் மாறவில்லை. இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. குழந்தைக்கு வாந்தி வந்துபோன வரலாற்றை வைத்தே உறுதி செய்ய வேண்டும். குழந்தைகளின் குடல் நோய் வல்லுநர்கள் 2008ஆம் ஆண்டில் வகுத்த நெறிப்படி, எந்தக் கால அளவிலாவது மொத்தம் ஐந்து முறை, அல்லது ஆறு மாதத்துக்குள் மூன்று முறை வந்திருக்க வேண்டும்; ஒவ்வொன்றும் 1 மணி நேரம் முதல் 10 நாள் வரை நீடித்து, குறைந்தது ஒரு வார இடைவெளியில் வர வேண்டும்; உச்ச நேரத்தில் மணிக்கு நான்கு முறையாவது வாந்தி இருக்க வேண்டும்; அந்தக் குழந்தைக்கு வரும் நேரமும் அடையாளங்களும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல இருக்க வேண்டும்; இடையில் குழந்தை தன் பழைய நலத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும்; வேறு நோய் எதுவும் காரணமாக இருக்கக் கூடாது. உங்கள் மகளின் விடியற்காலை நேரம், வெளுத்த முகம், வெளிச்சம் பொறுக்காமை, பேச்சற்ற சோர்வு, முடிவில் ஆழ்ந்த தூக்கம், எழுந்தவுடன் பசி ஆகிய அனைத்தும் இந்த வரையறையோடு மிக நெருங்கிப் பொருந்துகின்றன. தாய்க்கு ஒற்றைத் தலைவலி இருப்பதும் இந்த நோயின் பக்கமே சாய்கிறது, ஏனெனில் சுழற்சி வாந்தி ஒற்றைத் தலைவலியின் நெருங்கிய உறவு. தலையில் வலியாக வெளிப்பட வேண்டியது குழந்தைப் பருவத்தில் வயிற்றின் வழியாக வெளிப்படுகிறது என்று கொள்ளலாம்.

எனினும் அந்த வரையறையின் கடைசி நிபந்தனையை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. வேறு நோய் காரணமில்லை என்று சொல்வதற்கு, அந்த வேறு நோய்களைத் தேடியிருக்க வேண்டும். தேடுவதற்கு உரிய நேரத்தில் தேடியிருக்க வேண்டும். உங்கள் மகளின் பரிசோதனைகள் எல்லாம் வாந்தி நின்ற பிறகு எடுக்கப்பட்டவை. இடையில் முழு நலமாக இருக்கும் குழந்தைக்கு, அந்த நலமான நாளில் எடுத்த இரத்தமும் ஸ்கேனும் சரியாக இருப்பது எதையும் மெய்ப்பிப்பதில்லை. வாந்தி வந்த நாளிலோ, மருத்துவமனைக்குள் நுழைந்ததும் குளுக்கோஸ் ஏற்றப்பட்டிருக்கிறது. அது தவறான சிகிச்சை அன்று. பல நோய்களில் குழந்தையைக் காப்பதே அதுதான். ஆனால் அந்தக் குளுக்கோஸ் ஏறிய சில மணி நேரத்துக்குள் தாழ்ந்த சர்க்கரை உயர்ந்துவிடும், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகிச் சிறுநீரில் இறங்கியிருந்த கீட்டோன் என்ற பொருள் மறைந்துவிடும், இரத்தத்தில் கூடியிருந்த அமோனியா இறங்கத் தொடங்கிவிடும். நோயின் சான்றுகள் சிகிச்சையோடு சேர்ந்தே அழிந்துபோகின்றன. ஆகவே அடுத்த முறை செய்ய வேண்டியது இது: டிரிப்ஸ் ஏற்றுவதற்காகக் கையில் ஊசிக்குழாய் பொருத்தும்போதே, திரவத்தை இணைக்கும் முன், அதன் வழியாகப் பரிசோதனைக்கான இரத்தத்தை எடுத்துவிட வேண்டும், அன்று குழந்தை முதலில் கழிக்கும் சிறுநீரையும் பிடித்துவைக்க வேண்டும். இதற்குச் சில நிமிடங்களே ஆகும், சிகிச்சை தாமதமாகாது.

அந்த இரத்தத்தில் எவற்றைப் பார்ப்பது? முதலில் சர்க்கரை. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கும் இந்தப் பரிசோதனை, காரணம் தெரியாமல் வாந்தி எடுக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செய்யப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டைப் 1 எனப்படும் முதல் வகை நீரிழிவு வாந்தியோடும் வயிற்றுவலியோடும் தொடங்கி, வயிற்றுக் கோளாறு என்று நினைக்கப்பட்டுக் குழந்தை மயக்கநிலைக்குப் போவது இன்றும் நடக்கிறது. உங்கள் மகளின் ஒன்றரை ஆண்டு வரலாறு நீரிழிவைப் போல இல்லை. ஆனாலும் இது விட்டுவிடக் கூடாத பரிசோதனை. சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தால், சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பல மணி நேரம் உணவு நிற்காத குழந்தைக்குச் சர்க்கரை தாழும்போது கீட்டோன் நிறைய இருப்பதே எதிர்பார்க்கத்தக்கது. இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்தால், உடல் கொழுப்பை எரித்து ஆற்றலாக மாற்றும் வழியில் பிறவிக் குறை இருப்பதாக ஐயப்பட வேண்டும். அடுத்து உப்புகள்: சோடியம் தாழ்ந்து பொட்டாசியம் உயர்ந்திருந்தால் அட்ரினல் சுரப்பியின் குறைபாடு நினைவுக்கு வர வேண்டும், அத்தகைய குழந்தைகளுக்கு ஈறும் கைரேகைகளும் கருத்திருப்பதை வீட்டார் வெயில் பட்ட நிறம் என்று விட்டிருப்பார்கள். கணைய அழற்சியைக் காட்டும் லிபேஸ் அளவையும் அதே இரத்த மாதிரியில் பார்த்துவிடலாம்; தென்னிந்தியாவில் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் நாட்பட்ட கணைய நோய் பழக்கமான ஒன்று.

அமோனியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புரதத்தைச் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜனை யூரியாவாக மாற்றும் வேதிவழியில் ஒரு நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, காய்ச்சலிலோ பட்டினியிலோ இறைச்சி விருந்துக்குப் பிறகோ அமோனியா ஏறி வாந்தியும் குழப்பமும் உறக்கமும் வரும். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். இவற்றுள் ஒரு வகை, ஆண் குழந்தைகளைப் பிறந்த சில நாட்களிலேயே கடுமையாகத் தாக்கும். பெண் குழந்தைகளிடம் பாதி அளவில் இருந்து, ஆண்டுக்கணக்கில் சுழற்சி வாந்தி என்ற பெயரிலேயே ஒளிந்திருக்கும். இதனால்தான் உங்கள் மகள் முட்டை, இறைச்சி, பருப்பு ஆகியவற்றைத் தானாகவே ஒதுக்குகிறாளா என்பதை அறிய விரும்புகிறேன். அமோனியாவுக்கான இரத்தத்தைக் கையை இறுகக் கட்டாமல் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் குழாயிலேயே அளவு ஏறிப் பொய்யான முடிவைக் காட்டும். சிறிய மருத்துவமனைகளில் இதற்கு வசதி இருக்காது. ஆகவே அடுத்த முறை எங்கே செல்வது என்பதை நலமாக இருக்கும் இப்போதே முடிவு செய்யுங்கள்: அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு ஒருமுறை சென்று வரலாற்றைச் சொல்லி, அவள் வாந்தியோடு வரும்போது டிரிப்ஸுக்கு முன் எவற்றை எடுக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை, உப்புகள், யூரியா, கிரியேட்டினின், ஈரல் பரிசோதனை, லிபேஸ், அமோனியா, லாக்டேட், வேதிமாற்ற நோய்களுக்கான அமினோ அமில, அசைல்கார்னிடைன் ஆய்வுகள், சிறுநீரில் கீட்டோனும் கரிம அமிலங்களும் என்று அந்தத் தாள் இருக்கும். நள்ளிரவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த ஒரு தாள் பெரும் உதவியாக இருக்கும்.

சொந்தத்தில் மணம் செய்ததால் வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். சுழற்சி வாந்தி நோய்க்கு அது காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. மேலே சொன்ன வேதிமாற்றக் குறைகளில் பலவற்றுக்கு மட்டும் தொடர்பு உண்டு: ஒரே மூதாதையரிடமிருந்து பழுதுள்ள ஒரு மரபணு கணவன், மனைவி இருவருக்கும் வந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ளது. பிறந்தவுடன் குதிகாலில் இரத்தம் எடுத்து இவற்றைக் கண்டறியும் பரிசோதனை நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுவதில்லை. ஆகவே இந்தச் செய்தியை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேதிமாற்றப் பரிசோதனைகளை உங்கள் மகளுக்குக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று நான் கருதுவதற்கு அது ஒரு காரணம். அதை ஒரு குற்றமாக எண்ணி வருந்த வேண்டியதில்லை, வீட்டில் எவரும் உங்களைக் குறை சொல்லவும் இடமில்லை.

ஸ்கேனையும் வாந்தி உள்ள நாளில் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்க்குழாய் தொடங்கும் இடத்தில் இறுக்கம் உள்ள சில குழந்தைகளுக்கு, நிறையத் தண்ணீர் குடித்த பிறகு சிறுநீரகம் திடீரென வீங்கி, விலாவில் வலியும் கடும் வாந்தியும் வரும். சிறுநீர் வழிந்து இறங்கியதும் அனைத்தும் சரியாகிவிடும். அந்த வீக்கம் வலி உள்ள நேரத்தில் எடுக்கும் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும், மறுவாரம் எடுத்தால் தெரியாமலே போகலாம். வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள் என்கிறீர்கள். நடுவயிற்றையா, ஒரு பக்க விலாவையா என்று அடுத்த முறை கவனியுங்கள்.

இனி எம்.ஆர்.ஐ. விடியற்காலை வாந்தி என்றதும் மூளைக் கட்டியை நினைப்பது சரியான எச்சரிக்கையே. சிறுமூளைப் பகுதியில் வளரும் கட்டிகளால் தலைக்குள் அழுத்தம் கூடும்போது, படுத்து எழும் நேரத்தில் வாந்தி வரும். ஆனால் அந்த வாந்தி இடைவெளி விட்டு முழு நலம் தந்து ஒன்றரை ஆண்டு ஓடுவது வழக்கமன்று. வாரங்கள் செல்லச் செல்ல அது நெருங்கி வரும், தலைவலி சேரும், நடை தள்ளாடும், தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கத் தொடங்கும், கண் ஒன்று ஓரம் போகும், பள்ளியில் எழுத்து கெட்டுப்போகும். ஆகவே எம்.ஆர்.ஐ. எடுப்பதா என்ற முடிவை, குழந்தையைப் பரிசோதித்துப் பார்த்தே எடுக்க வேண்டும். ஒரே கோட்டில் நடக்கவைத்து, ஒரு காலில் நிற்கவைத்து, மூக்கையும் விரலையும் மாறிமாறித் தொடச்சொல்லி, தலையின் சுற்றளவையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து, கண்ணின் பின்புறத்தில் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று கண் மருத்துவரைக் கொண்டு பார்த்து, இவற்றில் ஒன்று பிழையாக இருந்தாலும் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அனைத்தும் சரியாக இருந்து, போக்கும் மாறாமல் இருந்தால் அவசரமில்லை. குழந்தையை இப்படி நேரில் பார்க்கும் பரிசோதனை செய்யப்பட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. முதலில் அதைக் கேட்டுப் பெறுங்கள். எம்.ஆர்.ஐ.க்கு வசதி இல்லை என்று சி.டி. ஸ்கேனை மாற்றாக அடிக்கடி எடுப்பது நல்லதன்று, அதில் கதிர்வீச்சு உண்டு.

மூளையைச் சார்ந்த இன்னொரு காரணமும் இந்த வயதில் உண்டு. மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளிடம் அதிகமாகக் காணப்படும் ஒருவகை வலிப்பு, கை கால் வெட்டாமல், தூக்கத்திலிருந்து எழுந்து வெளுத்துப்போய் வாந்தி எடுப்பதாகவே தொடங்கும்; பிறகு கண்கள் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும், கூப்பிட்டால் பதில் இருக்காது. உங்கள் மகள் பேச மாட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சோர்ந்துபோய்ப் பேசாமல் இருக்கிறாளா, நீங்கள் கூப்பிடுவதையே உணராமல் இருக்கிறாளா என்பது பெரிய வேறுபாடு. விளக்கைப் போட்டால் அழுகிறாள் என்பதால் உணர்வோடு இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் அடுத்த முறை அவள் முகமும் கண்ணும் தெரியும்படி கைப்பேசியில் சில நிமிடக் காணொளி எடுத்து வையுங்கள். ஐயம் இருந்தால் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனையை எடுக்கலாமா என்று மருத்துவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.

கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் வந்ததை நீங்கள் கவனித்தது மிக நல்லது. ஆனால் அந்த ஒரு நிகழ்ச்சிக்குள் பல காரணங்கள் அடங்கியிருக்கின்றன. உற்சாகமும் கண்விழிப்பும் பயணமும் சுழற்சி வாந்தியைத் தூண்டும். பிறந்தநாள், திருவிழா, சுற்றுலா இவற்றை ஒட்டியே வருகிறது என்று சொல்லும் பெற்றோர் பலர். இறைச்சி விருந்து தூண்டியிருந்தால் அமோனியா நோயை எண்ண வேண்டும். முகூர்த்தத்துக்காக நெடுநேரம் சாப்பிடாமல் இருந்ததனால் வந்திருந்தால் கொழுப்பை எரிக்கும் வழியை எண்ண வேண்டும். எனவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் தொடங்கிய தேதி, நேரம், முந்தைய நாளில் சாப்பிட்டது, எத்தனை மணி நேரம் பட்டினி, எப்போது தூங்கினாள், சளி காய்ச்சல் இருந்ததா, முதல் மணி நேரத்தில் எத்தனை முறை, எந்த நிறம், வலி எந்த இடம், எப்போது நின்றது என்று எழுதுங்கள். கடந்த ஒன்றரை ஆண்டின் மருத்துவமனைச் சீட்டுகள் இருந்தால் அவற்றின் தேதிகளையும் வரிசையாகக் குறியுங்கள். எந்த விலை உயர்ந்த கருவியும் தராத தகவலை அந்தப் பக்கங்கள் தரும்.

பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் செய்கிறாள் என்ற சொல் உங்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆறு வயதுக் குழந்தை விடியற்காலை நான்கு மணிக்கு முகம் வெளுத்து எழுந்து, மணிக்கு ஆறு முறை வாந்தி எடுப்பதைத் தன் விருப்பப்படி செய்ய முடியாது. மனப் பதற்றமும் உற்சாகமும் இந்த நோயைத் தூண்டக்கூடியவை என்பது உண்மை. தூண்டுவதும் நடிப்பதும் ஒன்றல்ல. அவளிடம் இந்தச் சொல் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொக்கம் எடுத்ததைச் சொன்னீர்கள். பெரியவர்கள் அன்பினால் செய்யச் சொல்வதுதான். உங்கள் மாமியாரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் இனி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். வாந்தி தானாக நிற்கும் நோயில், நின்றதற்குத் தொக்கம் எடுத்ததே காரணம் என்று தோன்றிவிடுகிறது. அந்த நம்பிக்கையில் மணிக்கணக்கு வீணாகிறது. குடலேற்றம் என்று வயிற்றை எண்ணெயிட்டு அழுத்தித் தேய்ப்பது இன்னும் ஆபத்தானது; முறுக்கிய குடல் உள்ள வயிற்றை எவரும் அழுத்தக் கூடாது.

பேரியமும், வாந்தி நாளில் எடுத்த இரத்தமும் சிறுநீரும் ஸ்கேனும், நரம்பு, கண் பரிசோதனைகளும் சரியாக அமைந்தால், சுழற்சி வாந்தி நோய் என்று தயங்காமல் பெயர் வைத்துச் சிகிச்சையைத் தொடங்கலாம். அதன்பின் ஒவ்வொரு முறையும் பரிசோதனைகளை முதலிலிருந்து அடுக்க வேண்டியதில்லை. வாந்தி தொடங்கும் முன் முகம் வெளுக்கும் அந்தச் சிறு இடைவெளியில் நாக்கில் கரையும் ஒண்டான்செட்ரான் மாத்திரை, இருட்டான அமைதியான அறை, தூக்கம். அது போதவில்லை என்றால் மருத்துவமனையில் குளுக்கோஸ் கலந்த டிரிப்ஸ். இவற்றை எந்த அளவில், எப்போது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த கடிதம் எப்போதும் பையில் இருக்கட்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மெட்டோகுளோபிரமைடு போன்ற வாந்தி மருந்துகள் வேண்டாம். அவை குழந்தைகளுக்குக் கழுத்தையும் கண்ணையும் ஒரு பக்கமாக இழுத்துப்பிடிக்கச் செய்யக்கூடும்.

ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை நாள் நீடித்து, டிரிப்ஸ் தேவைப்படும் அளவுக்கு வருகிறது என்பதால், வராமல் தடுக்க அன்றாடம் கொடுக்கும் மருந்துக்கும் உங்கள் மகள் தகுதியானவள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சைப்ரோஹெப்டடின் கொடுப்பது வழக்கம். நம் ஊரில் பசி எடுக்கும் டானிக் என்று விற்கப்படுவதில் இருப்பதும் அதுவே என்பதால், மருத்துவர் சொல்லாமல் அதை வாங்கிக் கொடுக்காதீர்கள், முன்பு கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஐந்து வயதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் தொடங்கப்படும். அதற்கு முன் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். இணையத்தில் தேடினால் மனச்சோர்வுக்கான மருந்து என்று வரும். இங்கே அது ஒற்றைத் தலைவலியைத் தடுக்கும் மருந்தாகவே கொடுக்கப்படுகிறது. மருந்தோடு, நேரத்துக்குத் தூக்கம், பட்டினி இல்லாத ஒழுங்கு, படுக்கும் முன் சிறிது உணவு என்பவை சில குழந்தைகளுக்கு மருந்தளவுக்கே பயன் தருகின்றன.

வளர்ந்து பதின்பருவத்தை அடையும்போது பலருக்கு இந்த வாந்தி நின்றுவிடுகிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் ஒற்றைத் தலைவலி தொடங்குகிறது. அதுவரை ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: சுழற்சி வாந்தி நோய் என்று ஒருமுறை எழுதிவிட்டதாலேயே அது என்றென்றைக்கும் உறுதியாகிவிடுவதில்லை. இடைவெளி சுருங்கினாலோ, ஒரு முறை வந்தது முன்பு வந்ததைப் போல இல்லாமல் புது மாதிரியாக இருந்தாலோ, இடைப்பட்ட நாட்களில் தலைவலியோ எடைக் குறைவோ நடையில் மாற்றமோ தோன்றினாலோ, எழுப்ப முடியாத உறக்கமோ குழப்பமான பேச்சோ வந்தாலோ, பழைய சீட்டைக் காட்டி டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு திரும்பாமல், மறுபடியும் முதலிலிருந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இப்போது பேரியம் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டு, அதன் முடிவையும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கங்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.